பிரிமனை போலச் சுருண்ட ஒயர்

“நெருப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா, நீங்க ரயிலைப் பத்திப் பேசுறீங்களே?”

“ரயிலைப் பத்தித்தான் பேசணும். மூணாங்கிளாஸ் பெட்டியை நினைச்சுப் பாரு. பிளாட்பாரத்துல பரவி நிக்கிறப்ப ஆளுக்குக் கொஞ்சம் காத்து வருது. அதே ஜனத்தைப் பெட்டிக்குள்ள அடைச்சா?”

“போன தடவை விருத்தாசலம் போறப்ப என் மடியில ஒரு கூடை, கூடை மேல ஒரு கோழி, கோழி மேல உங்க குடை. வெந்து போயிட்டேன்.”

“அதேதான். இந்த ஒயரும் வெந்துதான் போயிருக்கு.”

சொல்லிக்கொண்டே அய்யம்பெருமாள் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு கரிய வளையத்தைக் குச்சியால் நெம்பித் தூக்கினார். வளையம் என்பதைவிடக் கட்டி என்பதே பொருத்தம். ஒயரின் மேலே இருந்த ரப்பரும் நூலும் உருகி, சுற்றுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஆறிப்போன அல்வாவைப் போலக் கிடந்தது. அம்சவள்ளி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைப் பார்த்தாள். கணவன் முகத்தில் அல்வாவைக் கண்ட அதே சந்தோஷம் தெரிந்தது. இருபது வருஷக் குடித்தனத்தில் தன் முகத்தைப் பார்த்து அவர் அப்படி மலர்ந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

அய்யம்பெருமாள் முன்பு தீ விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் ஊர் ஊராகப் போய்ச் சாம்பலைக் கிளறும் உத்தியோகம் பார்த்தவர். யுத்தத்தில் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. கிளறுகிற கை சும்மா இருக்குமா? பெரம்பலூரில் வீட்டு வாசலில் ‘துப்பறியும் நிபுணர்’ என்று பலகை மாட்டினார். அதைப் பார்த்து வருகிறவர்களில் பாதிப் பேர் தொலைந்த ஆட்டைக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்பார்கள். மீதிப் பேர் வெறுமனே பலகையைப் படித்துவிட்டுப் போவார்கள். அம்சவள்ளிக்கு உதவியாளர் என்ற பட்டத்தை யாரும் தரவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். நாலு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஒரு நாள் நிம்மதியாக வெளியே போக, கொலையோ கொள்ளையோ எது கிடைத்தாலும் அவளுக்குச் சம்மதம். இன்றைக்கு அரியலூர் வந்த, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து ஓடும் கரி பஸ்ஸை வழியில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. அதைக்கூட அவள் உல்லாசப் பயணத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். அரியலூரில் கடலை மில் வைத்திருந்த சிங்காரவேலுவின் குதிரை லாயம் முதல் நாள் பிற்பகலில் பற்றி எரிந்தது. குதிரை கட்டை அறுத்துக்கொண்டு தப்பிவிட்டது. பர்மாவிலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கிய மட்டக்குதிரை அது, பெயர் ரங்கூன். ஆனால் அவருடைய உயிரான கோச்சு வண்டி, வெல்வெட் மெத்தையோடு சாம்பலாகிவிட்டது. பழி கருப்பண்ணன் தலையில் விழுந்தது.

கருப்பண்ணனின் அப்பனும் பாட்டனும் சிங்காரவேலுவின் களத்தில் கூலிக்கு நெல் அடித்தவர்கள். யுத்தம் முடிந்து, பட்டாளத்துச் சாமான்களைத் திருச்சியில் ஏலம் விட்டபோது, கருப்பண்ணன் தன் உழவு மாடுகளை விற்று ஒரு வெல்டிங் பெட்டியை வாங்கி வந்தான். மலிவான பெட்டிதான். ஆனால் இரும்பும் இரும்பும் அதன் முன்னால் சிநேகமாகிவிடும். உடைந்த கலப்பை, ஓட்டைக் கொப்பரை, கழன்ற அச்சு என்று சுற்று வட்டாரமே அவன் குடிசைக்கு வந்தது. பெட்டிக்குத் தீனி மட்டும் அவன் வீட்டில் இல்லை. ஆகவே மில்லிலிருந்து கரண்டு எடுத்துக்கொள்ள சிங்காரவேலு இடம் கொடுத்தார். பதிலுக்கு மில்லின் ரிப்பேர் எல்லாம் கருப்பண்ணன் பொறுப்பு. மில்லுக்கும் குடிசைக்கும் நடுவே சிங்காரவேலுவின் வீட்டுக் கொல்லை. அதன் வழியாக, தரையோடு தரையாக, நீளமான ஒயர் ஒன்று போயிற்று.

இப்போது அவர் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. எரிந்த வண்டிக்கு ஈடாக வெல்டிங் பெட்டி சாயங்கால கூட்ஸ் ரயிலில் திருச்சி வியாபாரிக்குப் போகும். கருப்பண்ணன் மறுபடியும் களத்து வேலையில் சேர்ந்துகொள்ளலாம். அதிகாலையில் யாருடைய லாரியிலோ தொற்றிக்கொண்டு பெரம்பலூர் வந்து, வாசல் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தவன் அவன்தான். கூலியாக ஒரு இரும்பு அடுப்பு செய்து தருவதாகச் சொல்லியிருந்தான். ‘ஆட்டுக்கு இது தேவலை’ என்று அம்சவள்ளி உடனே சம்மதித்துவிட்டாள்.

“இப்ப சொல்லு,” என்று அய்யம்பெருமாள் கருப்பண்ணனைக் கூப்பிட்டார். “ஒயரை நீதான் சுருட்டி வச்சியா?”

அவன் கண் கலங்கிப் போயிருந்தான். வெல்டிங் வெளிச்சத்தாலா வேறு எதனாலா என்று சொல்ல முடியவில்லை. ஒயர் தேவைக்கு மேல் நீளம் என்றும், வெளி வேலைக்குப் போகும்போது வேண்டியிருப்பதால் வெட்டவில்லை என்றும் சொன்னான். மிச்சத்தைக் கொல்லையில் பாம்பு நெளிகிற மாதிரி வளைத்து வளைத்து விரித்துப் போடுவதுதான் அவன் வழக்கம்.

“ஏலத்துல பெட்டியைக் குடுத்த பட்டாளத்தாரு முதல்ல சொன்னதே அதாங்கய்யா. வேலை நடக்கறப்ப ஒயரைச் சுருட்டாதே, சூடாயிடும்னாரு. நான் சுருட்டுவேனுங்களா? நேத்துப் பெரிய வேலை வேற. வெல்லம் காச்சற கொப்பரை. வெல்டிங் குச்சியை எடுக்காம வச்சுக்கிட்டே இருந்தேன்.”

சிங்காரவேலு கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். பூசணிக்காய் போல உருண்டையான, நியாயம் பேசுவதில் பிரியமுள்ள மனிதர். ஒயர் சுருண்டிருந்ததால்தான் தீப்பிடித்தது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அதைச் சுருட்டியது கருப்பண்ணன் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அய்யம்பெருமாள் பீஸ் கட்டையைப் பற்றிக் கேட்டார். ஒயர் சூடாவதற்குள் மில்லில் பீஸ் அல்லவா போயிருக்க வேண்டும்? மில் மேஸ்திரி செல்லப்பன் தலையைச் சொறிந்தான். அடிக்கடி பீஸ் போய் மில் நின்றதாகவும், ‘போகாத கம்பியாப் பார்த்துப் போடுடா’ என்று ஒருவர் உத்தரவு போட்டதாகவும், தான் ஆணித் தடிமனில் ஒரு கம்பியைப் போட்டுவிட்டதாகவும் சொன்னான். யார் அந்த ஒருவர் என்று யாரும் கேட்கவில்லை. சிங்காரவேலு வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று ஆராய்ந்தார்.

“சாகவேண்டிய பீஸைச் சாகாம காப்பாத்தினா, பக்கத்து வூட்டு ஒயருக்குக் காய்ச்சல் வரும்,” என்றாள் அம்சவள்ளி.

வானத்திலிருந்து இறங்கி வந்த சிங்காரவேலு கொஞ்சம் தணிந்திருந்தார். “சரி. ஒரே பேச்சு. சுருட்டினது யாருன்னு பேரைச் சொல்லுங்க. இவன் இல்லேன்னு ஆச்சுன்னா பெட்டியும் இவன்கிட்டயே இருக்கட்டும், கரண்டும் இருக்கட்டும். பேர் கிடைக்கலையா, வண்டி ஏத்திடுவேன்.”

ரயிலடிக்குப் போகும் மாட்டு வண்டி ஏற்கெனவே குடிசை வாசலில் நின்றது. மாடுகள் நிதானமாக அசை போட்டன. அவற்றுக்கு எந்த அவசரமும் இல்லை.

அய்யம்பெருமாள் கரிய வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கிணற்றடியிலிருந்து நீளமான கயிறு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அங்கே இருந்த ஆண்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக அதைச் சுருட்டச் சொன்னார். செல்லப்பன் சுருட்டினான். வண்டிக்காரன் சுருட்டினான். மில் கூலியாட்கள் சிரித்துக்கொண்டே சுருட்டினார்கள். கருப்பண்ணன் தூக்குக் கயிற்றைத் தொடுவது போலத் தொட்டுச் சுருட்டினான். எல்லாரும் ஒரே மாதிரி, கட்டைவிரலில் மாட்டி முழங்கையைச் சுற்றி, மறுபடி கட்டைவிரலுக்கு வந்தார்கள். கடைசியில் சிங்காரவேலுவிடமும் கயிற்றை நீட்டியபோது அவர் முறைத்தார். ஆனால் எல்லாரும் செய்ததைத் தான் மட்டும் செய்யாமல் விட்டால் நன்றாக இராது என்று தோன்றியதோ என்னவோ, கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுருட்டினார். அவருக்கும் முழங்கைதான்.

“இதைப் பாருங்க,” என்று அய்யம்பெருமாள் கரிய வளையத்தை நீட்டினார். “இது முழங்கையில சுத்தினதில்ல. தரையில வட்டமா வச்சு, மிச்ச நுனியை வளையத்துக்குள்ள விட்டு விட்டு எடுத்து இறுக்கியிருக்கு. இந்த மாதிரி ஒண்ணை நீங்க தினமும் பார்க்கறீங்க.”

செல்லப்பன் வளையத்தை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு வண்டிக்காரனிடம் நீட்டினான்.

“பிரிமனை,” என்றாள் அம்சவள்ளி. “பானை உருளாம இருக்க அடியில வைக்கிறது. வைக்கோலை இப்படித்தான் முறுக்கிச் சுத்துவோம்.”

சொல்லி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. சிங்காரவேலுவுக்கும் உறைத்திருக்க வேண்டும். அவர் மீசை லேசாக எழுந்தது. தன் வீட்டுப் பெண்களைச் சந்தேகப்படுவதா என்று கேட்டார். வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். ஒருத்தி சமையல்காரி ரத்தினம்மாள். மற்றவள் மருமகள் புஷ்பவல்லி. மகன் வேணுகோபாலுக்குத் திருச்சியில் வேலை. மாதம் ஒரு தடவை வந்து போவான். அந்நிய ஆண் உள்ளே போய் விசாரிப்பதற்கு இது போலீஸ் ஸ்டேஷன் இல்லை என்று சிங்காரவேலு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அய்யம்பெருமாள் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் கியூவில் நிற்கச் சொல்லும்போதும் அவர் இப்படித்தான் பார்ப்பார்.

கொல்லையின் வெயில் அம்சவள்ளிக்கு இதமாக இருந்தது. சமையல்கட்டு வாசலிலிருந்து கிணற்றுக்கு ஒரு ஒற்றையடிப் பாதை போயிற்று. பாதையின் நடுவில், எரிந்த லாயத்தை ஒட்டி, கருப்பண்ணனின் ஒயர் முதலில் நெளிந்து கிடந்த தடம் புழுதியில் இன்னும் தெரிந்தது. தடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி. முளைக்குச்சியைப் பிடுங்கிய குழி. அவள் சுற்றிலும் பார்த்தாள். லாயத்துக்கு அந்தப் பக்கம், பாதையை விட்டு விலகி, அதே முளை புதிதாக அடிக்கப்பட்டிருந்தது. அதில் அறுந்த குதிரைக் கயிறு தொங்கியது.

ஆக, ரங்கூனின் கயிறும் முன்பு பாதைக்குக் குறுக்கே கிடந்திருக்கிறது. ஒயரும் குறுக்கே கிடந்திருக்கிறது. யாரோ இரண்டையும் அப்புறப்படுத்தியிருக்கிறார்கள்.

சமையல்காரி ரத்தினம்மாள் அப்போது குடத்தோடு வந்தாள். வழியில் கிடந்த உலக்கையைத் தாண்டினாள், தூங்கிய நாயைத் தாண்டினாள், ஒரு கோழியையும் தாண்டினாள். காலைத் தூக்கியது அவளுக்கே தெரிந்திருக்காது. ஒயரைப் பற்றிக் கேட்டதற்கு, ஒரு வருஷமாக அது அங்கேதான் கிடக்கிறது, தான் அதை மனிதர்களைவிட அதிகமாக மிதித்திருப்பேன் என்றாள். முளையை யார் மாற்றினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அது இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்பதே அவளுக்கு நிச்சயமில்லை.

அம்சவள்ளி கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தாள். மிதிக்கிறவள் எதற்காகச் சுருட்டப் போகிறாள்? ஒயரும் கயிறும் யாருக்கு இடைஞ்சல்? தாண்ட முடியாதவளுக்கு.

தாண்ட முடியாதவள், தாண்டக் கூடாதவள். அவளுக்குத் திடீரென்று பெரம்பலூர் ஜட்கா ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. நாலு பிள்ளைக்கும் அவள் அந்த ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போனவள்தான். குறுக்கே போனால் கடைத்தெரு உடனே வந்துவிடும். ஆனால் வழியெல்லாம் குதிரைக் கயிறு. பிள்ளைத்தாய்ச்சி குதிரைக் கயிற்றைத் தாண்டினால், பிள்ளை பத்து மாதக் கணக்கை மறந்துவிட்டுக் குதிரைக் கணக்கில் பன்னிரண்டு மாதம் வயிற்றிலேயே தங்கிவிடும் என்பது அவள் அம்மா சொன்னது, அம்மாவுக்கு ஊரே சொன்னது. பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டே நடந்த அய்யம்பெருமாள், ஏன் இந்தச் சுற்று வழி என்று நாலு தடவையும் கேட்கவில்லை. துப்பறியும் நிபுணர்.

அவள் எழுந்து, முளையில் தொங்கிய கயிற்றை அவிழ்த்தாள். பழைய குழிக்குப் பக்கத்தில் ஒரு நுனியைக் கல்லின் கீழ் வைத்து, கயிற்றைப் பாதைக்குக் குறுக்கே கிடத்தினாள். பிறகு கிணற்றடிக்குத் திரும்பி வந்து, சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். வெயிலில் தலை சுற்றுகிறது, ஒரு வாய் மோர் கிடைக்குமா என்றாள்.

செம்போடு வந்தவள் புஷ்பவல்லி. இருபது வயது இருக்கும். அழுது துடைத்த முகம். வேகமாக வந்தவள் கயிற்றுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றாள். கயிற்றைப் பார்த்தாள். கிணற்றடியைப் பார்த்தாள். மோர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதையை விட்டு இறங்கி, துணி துவைக்கும் கல்லைச் சுற்றி, எலுமிச்சை மரத்தைச் சுற்றி, வைக்கோல் போரின் பின்னால் மறைந்து, அந்தப் பக்கத்தால் வெளிப்பட்டு, மூச்சு வாங்க வந்து நின்றாள். செம்பில் பாதி மோர்தான் மிச்சமிருந்தது.

“எத்தனை மாசம்மா?” என்றாள் அம்சவள்ளி.

மோர் முழுவதும் கீழே போயிற்று.

அதன் பிறகு கேள்வியே தேவைப்படவில்லை. புஷ்பவல்லி கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் முதல் வேலையாக முளையை மாற்றினாள். ஒயர் விஷயத்தில்தான் குழப்பம் வந்தது. அது குதிரைக் கயிறு இல்லைதான். ஆனால் ஒரு வருஷமாக ரங்கூனின் காலடியிலேயே கிடந்த ஒயர். குதிரை அதன் மேல் படுத்து உருண்டிருக்கிறது. கயிறு என்றும் சொல்ல முடியாத, கயிறு இல்லை என்றும் சொல்ல முடியாத ஒன்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லை. மாமியார் உயிரோடு இல்லை. எதற்கு வம்பு என்று, நேற்று காலை மிச்ச ஒயரை அழகாகப் பிரிமனைபோலச் சுற்றி, நனையாத இடமாகப் பார்த்து லாயத்து வைக்கோல் மேல் வைத்தாள். அது சூடாகும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

அம்சவள்ளிக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. கட்டவிழ்ந்த ஒரு குதிரை, எரிந்த ஒரு வண்டி, கண்ணீரோடு ஒரு வெல்டர், இவ்வளவுக்கும் காரணம் இன்னும் பிறக்கவே இல்லை. இதைப் போய் எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

“இது நல்ல சேதியாச்சே. உன் மாமனாரு வண்டி போனதையே மறந்துடுவாரு. போய்ச் சொல்லேன்.”

புஷ்பவல்லி தலையை ஆட்டினாள். “முன்னே ரெண்டு தடவை சொன்னேன்க்கா. தெரிஞ்ச அன்னிக்கே சொன்னேன். மாமா தெரு முழுக்கச் சக்கரை குடுத்தாரு. ரெண்டு தடவையும் அந்தச் சக்கரை கரையறதுக்குள்ள...” அவள் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். “இந்தத் தடவை மூணு மாசம் தாண்டுற வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சிறுவாச்சூர் அம்மனுக்கு முடிஞ்சு வச்சிருக்கேன். அவருக்குக்கூடச் சொல்லலை.”

அப்படியானால் காரணத்தைச் சொல்லாமல், இடைஞ்சலாக இருந்தது, சுருட்டினேன் என்று மட்டும் ஒப்புக்கொள்ளலாமே என்றாள் அம்சவள்ளி. அதையும் அந்தப் பெண் இரவெல்லாம் யோசித்திருந்தாள். ரெண்டு தடவை கலைந்துபோனதிலிருந்தே மாமனாரின் பார்வை சரியில்லை. காரணமே இல்லாமல் லாயத்தை எரித்தவள் என்ற பெயரும் சேர்ந்தால், அடுத்த பஸ்ஸில் அம்மா வீட்டுக்குத்தான். சிறுவாச்சூர் வரைக்கும் அந்தக் கரி பஸ்ஸில், அந்த ரோட்டில். அம்சவள்ளி காலையில் வந்த ரோட்டை நினைத்துப் பார்த்தாள். இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை.

வேலிக்கு அப்பால் ‘தூக்கு, தூக்கு’ என்று செல்லப்பனின் குரல் கேட்டது. வேலி இடுக்கு வழியாக அம்சவள்ளி எட்டிப் பார்த்தாள். வெல்டிங் பெட்டியை நாலு பேர் குடிசையிலிருந்து வெளியே கொண்டுவந்து, வண்டியின் சக்கரத்தருகே வைத்திருந்தார்கள். கருப்பண்ணன் அதைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். பயணம் போகிற பிள்ளைக்குத் தலை சீவி விடுவதைப் போல, மூலை மூலையாகத் துடைத்தான். அய்யம்பெருமாள் சிங்காரவேலுவிடம் மூன்றாம் வகுப்புப் பெட்டியைப் பற்றி இரண்டாம் தடவையாக விளக்கி நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். சிங்காரவேலு ரயிலடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, பேரு கிடைச்சுச்சா?” என்று அவர் கொல்லையை நோக்கிக் கேட்டார்.

அம்சவள்ளியின் நாக்கு நுனியில் பெயர் இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் வேலிக் கதவு. அதைத் திறந்து ஒரு சொல் சொன்னால் பெட்டி குடிசைக்குள் திரும்பிப் போகும். புஷ்பவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி பலமாக இல்லை, உதறிவிட்டுப் போயிருக்கலாம்.

“அக்கா, அந்த அண்ணன் சோத்துல மண்ணு விழுந்தா அது என் வயித்துப் புள்ளையைத்தான் வந்து சேரும், எனக்குத் தெரியும். அந்தப் பெட்டி வண்டியில ஏறக் கூடாது. என் பேரும் இன்னிக்கு வெளிய வரக் கூடாது. ரெண்டும் ஒண்ணா நடக்குற மாதிரி நீங்க ஏதாவது பண்ணுங்கக்கா.”